கிளிப்பச்சைக் குடங்கள்

லாரிச் சந்தில் தண்ணீர் வரிசையின் முதல் இடத்துக்கு நூற்றிருபது ரூபாய் என்று ஹபீபுல்லா விலை போட்டு வைத்திருந்தார். விற்பவர் யாருமில்லை, வாங்குபவரும் இல்லை. அந்த இடத்தை விலைக்குக் கேட்டால் கேட்டவன் வாயைச் சந்துப் பெண்கள் கிழித்துவிடுவார்கள் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் விலை தெரியாத பொருள் ஒன்று கண்ணெதிரே கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மே மாதத்து வானத்தில் தப்பித் தவறி ஒரு மேகம் வந்தால்கூட, இது இறங்கினால் எத்தனை லோடு தேறும் என்றுதான் அண்ணாந்து பார்ப்பார்.

சந்துக்கு ஒரு பெயர்ப் பலகை உண்டு. மீன் வண்டி ஒன்று இடித்து அது சாக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டதிலிருந்து அந்தப் பெயர் சாக்கடைக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது லாரிச் சந்து. கல்மண்டபத்துக்குப் பின்பக்கம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகளின் ஹாரன் காதைக் கிழிக்கும் தூரம். அறுபத்தோரு வீடுகள். குழாய் இருக்கிறது, அதில் காற்று வரும். போர்வெல் இருக்கிறது, அதில் கடல் வரும். கோடையில் நல்ல தண்ணீர் என்றால் காலை ஆறரைக்கு வந்து நிற்கும் கவர்மென்ட் லாரி ஒன்றுதான். வீட்டுக்கு ஆறு குடம்.

வரிசையில் ஆள் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். இருட்டு பிரியும் முன்பே குடத்தை வைத்துவிட்டுப் போனால் அது வைத்தவர் மாதிரி. யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். சிவப்புத் துணி கழுத்தில் கட்டினது கோவிந்தம்மாவுடையது. வெள்ளைப் பெயின்டில் சிலுவை போட்டது ஜெமிமாவுடையது. ஓட்டையைச் சூட்டுக் கரண்டியால் அடைத்ததில் நெற்றித் தழும்பு மாதிரி கறுத்துக் கிடப்பது சினேகா வீட்டுடையது. சந்தில் பிறந்த குழந்தை அம்மா முகத்துக்கு அடுத்தபடி அடையாளம் கண்டுகொள்வது வீட்டுக் குடத்தை.

ஹபீபுல்லாவுக்குக் குடம்தான் தொழில். மார்க்கெட் ஓரத்தில் பிளாஸ்டிக் கடை. ஊர் தாகத்தில் தவித்தால் கடையில் கூட்டம். "நீ மட்டும்தான் பாய், மழைக்கு வேண்டிக்கினே ஒரு கண்ண மூடாம வெச்சிருப்ப" என்று கோவிந்தம்மா சொல்வாள். அவரும் சிரித்துக்கொள்வார். பொய் என்று சொல்ல மாட்டார்.

இப்போது மகன் ஒவைஸுக்கு நிக்காஹ் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை வலீமா விருந்து. நானூறு பேர். முதலில் தண்டையார்பேட்டையில் ஒரு மண்டபம் பார்த்தார். வாடகை போக, தண்ணீருக்குத் தனியாகக் கேட்டான் மேனேஜர்.

"தண்ணிக்குத் துட்டா? அப்ப காத்துக்கு எவ்ளோ?" என்று கேட்டார் ஹபீபுல்லா.

"காத்துக்கும் தனி பாய். ஏசி சார்ஜ்."

அந்த இடத்திலேயே சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து, வலீமா சந்திலேயே நடக்கும் என்று அறிவித்துவிட்டு வந்தார். மண்டபத்தை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வழியில் மனைவி மலிகாவுக்கு ஒரு முழம் பூகூட வாங்கினார், பேரம் பேசாமல். மலிகா அந்தப் பூவைப் பார்த்தபோதே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை காலை எல்லார் போனிலும் ஒரு செய்தி வந்து விழுந்தது. கடல் தண்ணீரைக் குடிநீராக்கி அனுப்பும் பெரிய குழாயில் இணைப்பு வேலை. திங்கள் வரைக்கும் சப்ளை குறையும். பொதுமக்கள் முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளவும்.

"எதுலேர்ந்து சேமிக்கறதுன்னு அத்தப் போடல பாரு" என்றாள் மலிகா.

"அடச்சீ, இதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கற? ராமதாஸ் லாரி கீது. ஒரு லோடு சொன்னா வந்து நிப்பான்."

ராமதாஸ் திருவொற்றியூர்ப் பக்கம் நாலு தண்ணீர் லாரி வைத்திருப்பவன். ஹபீபுல்லா அன்றைக்கே போனார். ராமதாஸ் ஒரு விலை சொன்னான். அவர் பாதி சொன்னார். அவன் கொஞ்சம் இறங்கினான். அவர் கொஞ்சம் ஏறினார். நடுவில் ஒரு சின்ன இடைவெளி மிச்சமிருந்தது, ஒரு டீ, ரெண்டு பன் வாங்குகிற அளவு இடைவெளி. அந்த இடத்தில்தான் ஹபீபுல்லா தன் தகப்பனார் கற்றுக்கொடுத்ததைச் செய்தார். எழுந்தார். "சரி நைனா, நீ வெச்சுக்க" என்று வாசலைப் பார்த்து நடந்தார். இந்த நடைக்கு ஒரு அளவு உண்டு. முதல் நாலு எட்டு மெதுவாக, செருப்பு தேய்கிற சத்தம் கேட்க வேண்டும். ஐந்தாவது எட்டில் பின்னாலிருந்து கூப்பிடுவான். கூப்பிடாவிட்டால் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிய வேண்டும்.

ஹபீபுல்லா ஐந்து எட்டு வைத்தார். குனிந்தார். வாரைச் சரிசெய்தார். அடுத்த செருப்பையும் சரிசெய்தார். எதிர்க்கடையில் நின்று ஒரு டீ குடித்தார், ஆற ஆற. யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் போனபோது ராமதாஸ் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பாய் திரும்பி வந்துட்ட? ஞாயித்துக்கெயம நாலு வண்டியும் புக்காயிச்சே. தண்டையார்பேட்டைல ஒரு கல்யாண மண்டபம். கேட்ட துட்ட வாய தொறக்காம குடுத்துட்டான்."

"எந்த மண்டபம்?" என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சமையல் மாஸ்டர் பஷீர் வந்தார். மெலிந்த ஆள். இத்தனை பிரியாணி கிண்டுகிற மனிதர் எப்படி இவ்வளவு ஒல்லியாக இருக்கிறார் என்று எல்லாரும் கேட்பார்கள், அவர் வேலையைத் தவிர வேறு பேச மாட்டார் என்பதால் பதில் கிடைக்காது. அடுப்புக்கு இடம் பார்த்தார், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். பிறகு போர் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கி நாக்கில் வைத்தார். துப்பினார்.

"பாய், இது தண்ணி இல்ல. ஊறுகா."

"பாத்திரம் கழுவ, கை கழுவ இத்த வெச்சிக்கலாமே மாஸ்டர்."

"கையி கழுவலாம். கறி அலசலாம். அரிசி கிட்ட கொண்டாந்தா நான் கரண்டிய வெச்சுட்டுப் பூடுவேன். இந்த உப்புல சோறு வெறச்சுக்கினு நிக்கும், வாய்ல போட்டா ஜல்லி. அரிசி களைய, ஊற வைக்க, வடிக்க, அறுபத்தஞ்சு குடம் நல்ல தண்ணி."

"அம்பது."

"அறுபத்தஞ்சு."

"அம்பத்தெட்டு. முடிச்சுக்கோ மாஸ்டர், நம்ம வூட்டு விசேஷம்."

"பாய், எங்கிட்ட பேரம் பேசலாம். அரிசி கிட்ட எப்டிப் பேசுவீங்க?"

ஹபீபுல்லாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக எதிராளி அரிசியாக இருந்தது. "கேன் தண்ணி ஊத்துனா?" என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தார்.

"அது செத்த தண்ணி. சோறும் மௌத்தானது மாரி கெடக்கும்."

அதுவும் இல்லை. கேன்காரனிடம் நாற்பது சொல்லி, ஊரெல்லாம் தட்டுப்பாடு என்று பதினெட்டுதான் வந்திருந்தது. வருகிறவர்கள் குடிக்கவே அது காணாது.

மாஸ்டர் போன பிறகு மலிகா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி சொன்னாள்: "எங்க அண்ணன் ஆம்பூர்லேர்ந்து வர்றாரு. சம்மந்தி வூட்ல வியாசர்பாடிலேர்ந்து நூத்தம்பது பேரு. வெறச்ச சோத்தப் போட்டா, அம்பது வருஷத்துக்கு அந்த வூட்டுப் பொண்ணு வாய்ல நம்ம பேரு நாறும். நீங்க கோயிந்தம்மா கிட்ட போங்க."

"கோயிந்தம்மாகிட்டயா?"

"வேற யாரு கிட்ட? தண்ணி இந்த ஊர்ல எங்க கீது? நம்ம சந்துல குடத்துல கீது."

கோவிந்தம்மா வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். சென்னாகுன்னி ஒரு குவியல், வாளை ஒரு குவியல், நெத்திலி ஒரு குவியல். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கட்டிக்கிடந்தன. பச்சை மீன் இல்லாத அந்த ரெண்டு மாதம்தான் கருவாட்டுக்குக் கிராக்கி. ஹபீபுல்லா நெத்திலியை ஒன்று எடுத்து முகர்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். கருவாட்டு விலையைப் பற்றிப் பேசினார். மூன்றாவதாக எண்ணூரில் பாலம் வேலை எப்போது முடியும் என்று ஆரம்பித்தபோது கோவிந்தம்மா கையை உதறினாள்.

"பாய், எத்தினி குடம் வோணும்?"

பின்னால் நின்ற மலிகா சிரித்துவிட்டாள்.

"அறுபது வூடு. வூட்டுக்கு ஒண்ணு," என்றார் ஹபீபுல்லா. "எங்க வூட்டு ஆறு சேத்தா அறுபத்தாறு. ஒரே நாளு. வலீமா சாப்பாடு சந்துக்கே சேத்துத்தான்."

"சாப்பாடு நீ கூப்புடாட்டியும் வந்து துன்னுவோம். அத்தக் கணக்குல காட்டாத." கோவிந்தம்மா ஒரு வாளையின் தலையைக் கிள்ளினாள். "ஒவைஸு எங்கண்ணு முன்னாடி வளந்த புள்ள. குடுக்கறோம். ஆனா சொம்மா குடுத்தா நாளைக்கி எவ எவளோ கேப்பா, அவ வூட்டு மஞ்சத்தண்ணிக்கி கேப்பா, இவ வூட்டு சீமந்தத்துக்குக் கேப்பா. வூட்டுக்கு ஒரு புதுக்குடம் குடு. அதுல ரொப்பி உனுக்குக் குடுப்போம். குடம் எங்களுக்கு."

அந்தக் கணத்தில் ஹபீபுல்லாவின் மூளை கடைக் குடோனுக்கு ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தது. அங்கே அவர் போன மழைக்காலத்தில் ஒரே லாட்டாக, அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு வந்த குடங்கள் அடுக்கிக் கிடந்தன. கிளிப்பச்சை என்று சொல்லித்தான் மொத்த வியாபாரி விற்றான். வெயிலில் பார்த்தால் பித்த வாந்தி. ஆறு மாதமாக ஒருத்தி கையால் தொடவில்லை.

"ஒண்ணு இன்னாத்துக்கு கோயிந்தம்மா?" என்றார் குரலைத் தேனாக்கி. "வூட்டுக்கு ஆறு குடுக்கறேன். எல்லாம் புத்தம் புதுசு. எம் புள்ள கல்யாண சீரா வெச்சிக்கோங்க. ஆனா பழைய ஆறையும் எங்கிட்ட குடுத்துடணும்."

கோவிந்தம்மா நிமிர்ந்தாள். "பழசு இன்னாத்துக்கு?"

"விசேஷத்தன்னிக்கு சந்து அயகா இருக்கணும்ல? ஒடஞ்சதும் ஒட்டுப்போட்டதும் வாசல்ல கலீஜா கெடந்தா சம்மந்தி வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?"

பழைய பிளாஸ்டிக் காயலாங்கடையில் கிலோ கணக்கில் போகும் என்பதை அவர் சொல்லவில்லை. விற்காத சரக்கு போச்சு, பழசில் துட்டு வந்துச்சு, நல்ல பேரும் கிடைச்சுச்சு, தண்ணீரும் வரப்போகிறது. ஒரு கல்லில் நாலு மாங்காய் அடித்த மனிதனின் நடையில் வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை மத்தியானம் முந்நூற்று அறுபது பச்சைக் குடங்கள் சந்துக்குள் வந்தன. முந்நூற்று அறுபது பழங்குடங்கள் சாயங்காலத்துக்குள் காயலாங்கடை மூன்று சக்கர வண்டியில் ஏறிப் போய்விட்டன.

ஞாயிறு காலை பஜ்ர் தொழுதுவிட்டு, புது வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாக ஹபீபுல்லா வெளியே வந்தபோது சந்தில் கூச்சல். ஷாமியானா காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பெரிய பிரியாணித் தேக்ஸாக்களைப் பஷீர் மாஸ்டரின் ஆட்கள் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முனையில் லாரி வந்து நின்றுவிட்டது. டிரைவர் வேதமாணிக்கம் கதவைத் திறந்து ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இது? சந்து பூரா கிளி குந்திக்கினு கீது?"

லாரியிலிருந்து ஷாமியானா வரைக்கும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், ஒரே மூஞ்சியோடு முந்நூற்று அறுபது குடங்கள். எது யாருடையது என்று படைத்தவனுக்குத்தான் தெரியும்.

"மொதல்ல வெச்சது நானு!" என்றாள் ஜெமிமா. "நாலு மணிக்கு எந்திரிச்சு வந்து வெச்சேன்."

"நீ வெச்சது அது இல்லக்கா, இது!" என்று சினேகா ஒரு குடத்தை இழுத்தாள். "மொத குடம் என்து. நான் வெச்சப்ப இங்க ஒரு பூன படுத்துனு இருந்துச்சு."

"பூனையச் சாட்சிக்குக் கூப்புடு."

"யாரு யாரு குடத்த இஸ்துக்கினு போற? வெய்யி கீழ!"

"இது ஒன்துன்னு எங்க எய்தி கீது?"

கோவிந்தம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். இருபது வருஷமாக இந்த வரிசையை ஒரு அதட்டலில் கட்டி மேய்த்தவள். அன்றைக்கு அவளுக்கே அவள் குடம் தெரியவில்லை. ஹபீபுல்லாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். "இதோ வர்றாரு சீரு குடுத்த மவராசன். ஏன் பாய், செவப்பு, நீலம், மஞ்சளுன்னு உலகத்துல வேற நெறமே கெடைக்கலியா ஒனக்கு? எங்க துணி கட்டுன குடத்த எல்லாம் எங்க வெச்சிருக்க, எடுத்துட்டு வா."

ஹபீபுல்லா தொண்டையைச் செருமினார். "அது... பூட்சு."

"எங்க பூட்சு?"

"காயலாங்கடைக்கு."

பிறகு எழுந்த சத்தத்தில் மின்கம்பியில் இருந்த காக்கைகள் பறந்தன.

வேதமாணிக்கம் ஹாரன் அடித்தார். "யக்கோ! சண்டை அப்பால போடுங்க. எனக்கு முக்கா மணி நேரந்தான், அதுக்கப்பறம் தண்டையார்பேட்ட. இன்னொண்ணு கேட்டுக்கோங்க. பைப்பு வேல நடக்கறதால இன்னிக்கி எல்லா வண்டிக்கும் லோடு கம்மி. ஆறாயிரம் இல்ல. அஞ்சாயிரத்து ஐநூறு."

ஹபீபுல்லாவின் விரல்கள் தானாகக் கணக்குப் போட்டன. குடத்துக்குப் பதினைந்து லிட்டர். ஆறாயிரம் என்றால் நானூறு குடம். வழக்கமாக அதில் முந்நூற்று அறுபத்தாறு குடம் வீடு சேரும். மிச்சம் முப்பத்து நாலு குடத் தண்ணீர் தெருவுக்குத்தான். குடம் மாற்றும்போது ஹோஸ் சும்மா ஊற்றுவது, குடத்தை அலசிக் கொட்டுவது, சண்டையில் கவிழ்வது. ஐயாயிரத்து ஐந்நூறு என்றால், ஒரு சொட்டுச் சிந்தாமல் இருந்தால் முந்நூற்று அறுபத்தாறு. வழக்கம்போல் சிந்தினால் முந்நூற்று முப்பத்திரண்டு. தன் வீடு போக அறுபது வீட்டுக்கு ஐந்து ஐந்து போனால் முந்நூறு. விருந்துக்கு மிஞ்சுவது முப்பத்திரண்டு.

மாஸ்டருக்கு அறுபத்தைந்து.

தன் பங்கை முதலில் பிடித்துக்கொள்வதா? குடம் அவர் கொடுத்தது. விசேஷம் அவர் வீட்டுடையது. கேட்டால் கோவிந்தம்மாகூட இல்லையென்று சொல்ல மாட்டாள், ஒவைஸ் முகத்துக்காக. ஆனால் கடைசியில் நிற்கிற ஏழெட்டு வீட்டுக்குக் குடம் காலியாகத் திரும்பும். அந்த வீட்டுக்காரர்களும் மத்தியானம் வந்து உட்கார்ந்து, அந்தத் தண்ணீரில் வெந்த சோற்றைச் சாப்பிடுவார்கள். அவர் மலிகாவைப் பார்த்தார். மலிகா கடைசியில் நின்ற குடங்களைப் பார்த்தாள். முப்பது வருஷ அனுபவத்தில் அதைவிட மோசமான பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது.

"மொதல்ல சந்து," என்றார் ஹபீபுல்லா. "எல்லாம் ஒரே குடந்தான? எவுளுதுன்னு இன்னாத்துக்கு தேடிக்கினு? எதுல வேணா புடிங்க. வூட்டுக்கு அஞ்சு போவட்டும். அப்பால கடேசில கீறது என்து."

"கடேசில இன்னா பாய் இருக்கும்? லாரி இருமுறதுதான் இருக்கும்," என்றாள் கோவிந்தம்மா.

"இருக்கறது போதும்."

இந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து சந்து கேட்டதில்லை. பஷீர் மாஸ்டர் தேக்ஸாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். கோவிந்தம்மா ஹபீபுல்லாவை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள், அசல்தானா என்று ரூபாய் நோட்டைப் பார்ப்பது போல. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"டேய் உதயா! தடக்காலம் தடக்காலம்னு துன்னுட்டு மல்லாந்துக்கினு கீறியே, எந்திரிச்சு வாடா! ஒன் போட்டு செட்ட கூப்புடு! மீனு எறக்கறாப்புல நில்லுங்கடா!"

அவள் மகன் உதயா லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்தான். அவனோடு விசைப்படகில் போகிற ஐந்து பேர் வந்தார்கள். காசிமேட்டில் படகிலிருந்து கூடையை இறக்குகிற முறை ஒன்று உண்டு. யாரும் நடக்கக் கூடாது. ஒருத்தன் கையிலிருந்து அடுத்தவன் கைக்கு. கூடை தரையைத் தொடாது, ஐஸ் கரையாது, மீன் வழுக்காது. உதயா லாரிக்குப் பக்கத்தில் நின்றான். அவனுக்கு அடுத்து அவன் ஆட்கள், அவர்களுக்கு நடு நடுவே ஜெமிமா, சினேகா, அவர்கள் அம்மாக்கள், மாமியார்கள். ஒரு பக்கம் காலிக்குடம் போக, ஒரு பக்கம் நிறைகுடம் வர, ரெண்டு வரிசை. ஹபீபுல்லா கடைக்கு ஓடிப்போய் இருப்பதிலேயே பெரிய பிளாஸ்டிக் டப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து ஹோஸுக்குக் கீழே வைத்தார். சிந்துகிற தண்ணீர் டப்பில் விழும், டப்பிலிருந்து குடத்துக்கு.

"நீ எண்ணு பாய். அதான் ஒனக்கு நல்லா வரும்," என்றாள் கோவிந்தம்மா.

அவர் அரிசி அளக்கிற கடைக்காரன் மாதிரி, ஒன்றுக்குப் பதில் லாபம் என்று சொல்லித்தான் எதையும் எண்ண ஆரம்பிப்பார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

அலசல் இல்லை, ஏனென்றால் புதுக்குடம். தேடல் இல்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே குடம். ஹோஸ் ஒரு நொடி சும்மா நிற்கவில்லை. ஐம்பது தாண்டியதும் கைகளுக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. நூறு தாண்டியதும் படகுக்காரர்கள் வலை இழுக்கிற ஏலோ குரல் போட ஆரம்பித்தார்கள். பெண்கள் அதற்குள் கிண்டல் வரிகளைச் சொருகினார்கள், பெரும்பாலும் ஹபீபுல்லாவைப் பற்றி. பித்த வாந்திக் குடம் என்று ஒருத்தி பாட, எல்லாரும் திருப்பிப் பாடினார்கள். அவரும் எண்ணிக்கைக்கு நடுவே தலையாட்டினார்.

நூற்றைம்பதில் வரிசையில் ஒரு இடம் காலி. சினேகாவின் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். புதுப்பெண் ஆஃபியா, மருதாணிக் கையோடு, துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஏம்மா ஆஃபியா! புதுப்பொண்ணு இப்ப வெளிய வரக்கூடாது," என்று மலிகா பதறினாள்.

"மாமி, தண்ணி லாரிக்குப் புதுப்பொண்ணு பழைய பொண்ணுன்னு கீதா?" ஆஃபியா காலியிடத்தில் போய் நின்றாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றி வளர்ந்தவள், பெண்கள் அணியில் ஃபுட்பால் கோல்கீப்பர். முதல் குடம் வந்தது. பிடித்தாள், திரும்பினாள், கொடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"இன்னா பிடி!" என்றான் உதயா. "ஒவைஸு, நீ செத்தடா!"

ஒவைஸ் மாப்பிள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு பனியனோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவன் பிடித்த முதல் குடம் வழுக்கி உதயாவின் ஆள் ஒருவன் மேல் போய்க் கவிழ்ந்தது. சந்தே சிரித்தது. "கொற!" என்று ஹபீபுல்லா கத்தினார். "அது கணக்குல சேராது! நூத்தி எம்பத்தொண்ணு திரும்ப!"

முந்நூறு. அறுபது வீட்டு வாசலிலும் ஐந்து ஐந்தாகப் பச்சைக் குடங்கள் தளும்பி நின்றன. வேதமாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கீழே இறங்கி அவரும் வரிசையில் நின்றுவிட்டார். இப்போது வருவதெல்லாம் தேக்ஸா பக்கம் போனது. ஹபீபுல்லா மறுபடி லாபத்திலிருந்து ஆரம்பித்தார். முப்பத்திரண்டு தாண்டியது. நாற்பது. ஐம்பது. லாரி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் உதயா பின் சக்கரத்துக்குக் கீழே கல்லை வைக்கச் சொன்னான். அறுபது. அறுபத்தொன்று. தண்ணீர் நூலானது. டப்பைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். அறுபத்துமூன்று. லாரி இருமியது. அறுபத்து நாலாவது குடம் கழுத்துவரை வந்து நின்றது.

ஹோஸிலிருந்து காற்று வந்தது.

எல்லாரும் பஷீர் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"மாஸ்டர்," என்றார் ஹபீபுல்லா, சட்டை முழங்கைவரை நனைந்து, அத்தர் வாசம் போய் ஆள் வாசம் வர. "ஒண்ணு தான கொற. கண்ண மூடிக்கயேன்."

"கண்ண மூடறேன் பாய். நானூறு பேர்ல யாரு வாய்ல வெறச்ச சோத்த வெக்கணும்னு நீங்க ஆளக் காட்டுங்க. அவங்க பங்க தனியா வடிக்கறேன்."

கோவிந்தம்மா நடந்தாள். தன் வாசலில் இருந்த ஐந்தில் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அரிசி அண்டாவுக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

"இந்தாங்க மாஸ்டரு. அறுபத்தஞ்சு."

"கோயிந்தம்மா," என்று ஹபீபுல்லா பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார், "இதுக்கு இன்னா..."

"வெல கேட்டீன்னா கண்டி, இந்தக் குடத்த ஒன் தலைல கவுத்துட்டு நான் வேற ஒண்ணு எடுத்தாருவேன்."

அவர் குனிந்து குடத்தை மாஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

பகல் பன்னிரண்டரைக்குத் தேக்ஸா மூடி திறந்தபோது, வாசம் கன்டெய்னர் ரோடு வரைக்கும் போய் ரெண்டு டிரைவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது. சீரகச் சம்பா ஒன்றோடொன்று ஒட்டாமல், உடையாமல், முழு நீளத்துக்கு மலர்ந்திருந்தது. பஷீர் மாஸ்டர் ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். ஆம்பூர் மச்சான் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "இன்னா தண்ணி மாப்ள இங்க?" என்று கேட்டார். ஆம்பூர்க்காரன் பிரியாணியைப் பற்றி வேறு ஊரில் வாயைத் திறந்து நல்ல வார்த்தை சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று மலிகாவுக்குத் தெரியும். அவள் அடுப்படி மறைவில் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, தால்சாக் குழம்பு வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள். வியாசர்பாடிக்காரர்களும் படகுக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, எந்த ஃபுட்பால் அணி நல்ல அணி என்று சண்டை போட்டுக்கொண்டே எலும்பைக் கடித்தார்கள். ஜெமிமாவும் சினேகாவும் ஒரே இலையைப் பகிர்ந்துகொண்டு, காலையில் அந்த முதல் குடம் யாருடையது என்பதை இன்னும் முடிக்காமல் இருந்தார்கள்.

மறுநாள் காலை லாரி வந்து போனதும், தன் ஆறு குடத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஹபீபுல்லா கோவிந்தம்மா வாசலுக்குப் போனார். நடுவில் ரெண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்.

"இன்னா பாய் இது?"

"நேத்து குடம். கடன் வெக்கக்கூடாதில்ல."

கோவிந்தம்மா வாளைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். "திரும்பி எடுத்துக்கினு போ."

"ஏன்? தண்ணி நல்ல தண்ணிதான்."

"கடன் தீந்துச்சுன்னா நீ நாளைக்கே என்னப் பாத்து 'இன்னா வெல, எத்தினி கிலோ'ன்னு கடைக்காரனாட்டம் பூடுவ. பாக்கி கீறவரைக்கும் வாசல்ல நின்னு ரெண்டு வார்த்த பேசுவ. அது அப்டியே கெடக்கட்டும்."

"எத்தினி நாளிக்கு?"

"எனக்கா தோணும்போது கேப்பேன். எம்பொண்ணு கல்யாணமோ, எஞ்சாவோ. தூக்கினு போ, சிந்தாத."

மறுபடி ரெண்டு தடவை இறக்கி வைத்து, வந்த வழியே அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். கடையில் உட்கார்ந்து, சிகரெட் அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுதினார்.

லாரி வரவு: 5,500 லிட்டர். நிறைந்தது 364 குடம். வீடுகளுக்கு 300. தேக்ஸாவுக்கு 64. கோவிந்தம்மா கொடுத்தது 1, ஆகத் தேக்ஸாவுக்கு 65. சிந்தியது ரெண்டு குடம், ஒன்று ஒவைஸ் கையால், மற்றது கணக்குத் தெரியவில்லை. சாப்பிட்டவர்கள் 438, கன்டெய்னர் டிரைவர்கள் உட்பட.

கொடுக்க வேண்டிய பாக்கி: நல்ல தண்ணீர், குடம் ஒன்று. வாங்க மறுப்பு.